ரயிலில் ஒரு அரோகரா

இன்று காலை அட்லிஸ்வில்லில் இருந்து சூரிச் போகிற ரயில். வழமைபோல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மார்த்தாவின் வீடியோ அழைப்பு வந்தது. எங்களோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள், இப்போது உகண்டாவில் தன் ஊரில் நிற்கிறாள். அந்த ஊரில் குழாய்க்கிணறு தோண்டக் காசு சேர்க்கத்தான் இங்கே நானும் ஜெயந்தி அக்காவும் வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் வடை விற்றோம். முதலில் தோண்டிய இடத்தில் வெறும் புழுதிதான் வந்தது. இன்று வேறு இடம்.

திரையில் இயந்திரம் இரைந்தது. சேறு வந்தது. பிறகு தண்ணீர் பனை உயரத்துக்குப் பாய்ந்தது.

பக்கத்தில் இருந்த அக்கா எழும்பி இரண்டு கைகளையும் தூக்கினார். "அரோகரா!"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் இருந்த சுவிஸ் அம்மா, "தயவுசெய்து சத்தம் போடாதீர்கள்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அக்கா போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "தண்ணி வந்திட்டுது! பள்ளிக்கூடத்துக் கக்கூசையும் இனித் திறக்கலாம்!" பாதி ஜெர்மன், பாதி தமிழ்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நனைந்து துள்ளும் பிள்ளைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சொன்னார்: "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்."

அடுத்த ஊர்க் கிணற்றுக்கு வடை சுட ஆள் தேவை. சுடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கத்தத் தெரிந்தால் போதும். யார் வாறியள்?