ஆணியால் சுரண்டிய பெயர்

செவ்வரத்தம் இலையைத் தண்ணீரில் கசக்கினால் கையில் ஒட்டும் அந்த வழவழப்பை, தலைமுழுகும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கிணற்றடியில் ஆசைதீர அளைந்திருக்கிறேன். அந்தச் செடி எங்கள் வேலியோரத்துச் சொத்து என்றும், அதற்கு அந்த ஒரு பெயர்தான் உண்டு என்றும் பதின்மூன்று வயதுவரை நம்பியிருந்தேன்.

துணுக்காயில் நான் படித்த பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்த சேர் ஒரு தோட்டம் போட்டார். ஆளுக்கொரு செடி, ஒருவர் கொண்டுவருவதை மற்றவர் கொண்டுவரக் கூடாது என்பது அவருடைய சட்டம். நான் "செவ்வரத்தை" என்று பெயர் கொடுத்தேன். வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்த கலைவாணி "செம்பருத்தி" என்று கொடுத்தாள். மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து வயல் உழுது கமம் செய்த குடும்பம் அவளுடையது. அவர்கள் வீட்டுப் பேச்சே வேறு. வாடிப்போகாமல் இருக்க இலையெல்லாம் உருவிவிட்டு வெறும் தடியாகத்தான் இருவரும் கொண்டுபோனோம், ஆகவே எது என்ன செடி என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

கணக்கோ கையெழுத்தோ, எதிலும் எனக்கு ஒரு படி முன்னால் நிற்பவள் கலைவாணி. தடியிலாவது அவளை முந்திவிட வேண்டும் என்ற அவதியில், தினமும் காலையில் மணியடிக்கும் முன்பே போய் என் தடியைப் பிடுங்கி, வேர்விட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஊன்றுவேன். "ஊண்டின தடியை ஆட்டினால் அது எப்பிடியடி வேர்விடும்?" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டார். என் தடி காய்ந்து சுள்ளியானது. அவளுடையது துளிர்த்து, இலைவிட்டு, மொட்டும் வைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த இலை எங்கள் செவ்வரத்தையின் இலைதான் என்று கண்டபோது இன்னும் எரிந்தது.

அவருடைய சட்டப்படி அது என் செடி என்று சேரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். சேர் சிரித்துவிட்டு, ஒரு தகரப் பலகையில் "ஹிபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்" என்று எழுதினார். "உலகத்தில எங்க போனாலும் இதுக்கு இந்தப் பேர்தான், இனிச் சண்டை இல்லை" என்றார். கீழே "செம்பருத்தி" என்று எழுதித் தூரிகையை வைக்கப் போனவரைக் கலைவாணிதான் மறித்தாள்.

"சார், இவங்க வீட்டுல செவ்வரத்தைன்னு சொல்றாங்க. அதையும் எழுதுங்க சார்."

சேர் அதையும் எழுதினார். அவள் பெருமையடித்திருந்தால் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திராது. தடி பட்டுப்போனவளுக்குப் பெயரைப் பிச்சை போடுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அடுத்த நாள் ஆளில்லாத நேரம் பார்த்து, ஓர் ஆணியால் "செம்பருத்தி"யைச் சுரண்டிவிட்டேன்.

யார் செய்தது என்று சேர் வகுப்பில் கேட்டார். கலைவாணி என் நகத்துக்குள் இருந்த பெயின்ற் தூளைப் பார்த்தாள். பார்த்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவளும் அந்தச் செடியைச் செவ்வரத்தை என்றே சொன்னாள். நான் வென்றுவிட்டேன், ஆனால் ஒரு நாளும் அது வென்றதுபோல இருக்கவில்லை.

போன மாதம் மாங்குளத்தில் நடந்த வீட்டுத்தோட்ட வகுப்பொன்றுக்குப் போனேன். படிப்பிக்க வந்த அலுவலர் கலைவாணி. விஞ்ஞானப் பெயர்கள் அவள் வாயில் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தன. எனக்கு அந்தப் பழைய வயிற்றெரிச்சல் அப்படியே திரும்பியது. ஒரு தடியைத் தூக்கிக் காட்டி, நீளப் பெயரை முழுதாகச் சொல்லி, "இதைத்தான் நாங்கள் செவ்வரத்தை எண்டு சொல்லுறது" என்றாள். "எண்டு" என்றாள், எங்கள் வீட்டுப் பேச்சிலேயே. மற்றப் பெயரைச் சொல்லவேயில்லை. அந்தப் பெயரை நானாவது எழுந்து சொல்லியிருக்கலாம். வகுப்பு முடிந்ததும் அந்தத் தடியை என் கையில் தந்து, "இந்தமுறை பிடுங்கிப் பாக்காதை, என்ன?" என்று சிரித்தாள்.

பள்ளித் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கொட்டகை நிற்கிறது. பலகையும் போய்விட்டது. தடியை எங்கள் கிணற்றடியில் ஊன்றியிருக்கிறேன். வேர்விட்டதா என்று பார்க்க ஒவ்வொரு காலையும் கை குறுகுறுக்கிறது. நேற்று என் மகள் பக்கத்தில் வந்து குந்தி, "அம்மா, இது என்ன மரம்?" என்று கேட்டாள்.

"செம்பருத்தி" என்றேன்.