ஊலிக்கின் தடுப்புக் கட்டை

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த ரைன்ஹோல்ட் ஊலிக்கைத் தெருவில் எல்லாரும் ஊமைக்கோட்டான் என்றுதான் சொல்வார்கள். எங்கள் கெம்னிட்ஸ் நகரத்தில் இரும்பு கடையும் கடைசல் பட்டறை வேலைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, அவரும் அதில் ஒருவர். கீழே என் காய்கறிக் கடைக்கு வருவார். "உருளைக்கிழங்கு" என்பார். கூடையை நிரப்பிக் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவருக்கும் சேர்த்து அவருடைய மகள் லிடி பேசுவாள். நாலு வயது. "செல்ட்மன்னம்மா, உங்க முட்டைக்கோசுக்குக் காது இருக்கு, நாம பேசறதெல்லாம் கேக்குது" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு அந்தக் கோசை நான் விற்கவில்லை. நானே சமைத்துச் சாப்பிட்டேன்.

முற்றத்துக் கொட்டகையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஓர் உருட்டு எந்திரம் இருந்தது. காய்ந்த படுக்கை விரிப்புகளை உருளைக் கட்டைகளில் சுற்றி அடியில் வைத்து, மேலே கல் நிரப்பிய மரப்பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் சுருக்கம் போய்விடும். கட்டிலைவிடப் பெரிய பெட்டி. ஒரு பெண் பிள்ளை சக்கரத்தைச் சுற்றினால் ஓடும். ஓட ஆரம்பித்தபின் நிறுத்த ஆம்பிளையாலும் ஆகாது. கொட்டகைக்குச் சாவி ஒன்றே ஒன்று. உருட்டி முடித்தவள் அடுத்த முறைக்காரி வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இதில் யாராவது பிசகினால் படிக்கட்டில் நடக்கும் சண்டையைப் பாதிரியார் வந்தாலும் விலக்க முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் பிப்ரவரியில் ஊலிக் வீட்டு முறை. அவர் மனைவி ஹுல்டா சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பெட்டி அந்தப் பக்கம் போயிருந்தபோது, இந்தப் பக்கச் சுவரோரம் விழுந்து கிடந்த, துணிக்கு மாட்டும் மரக் கிளிப்பை எடுக்க லிடி உள்ளே புகுந்தாள். பெட்டி திரும்பி வந்தது. இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அடக்கம் முடிந்து வீட்டில் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். ஊலிக் இரண்டு துண்டு சாப்பிட்டார். பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஹுல்டா வந்தவர்களின் கோப்பைகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போனாள். நான் அவளை அடுக்களைக்கு இழுத்துப் போய், "அழுதுடுடி, ஹுல்டா" என்றேன்.

"வரல" என்றாள். "கால் மரத்துப் போனா கிள்ளிப் பாப்போம்ல, அந்த மாதிரி கிள்ளிப் பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல."

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளின் குழிகளை நிரந்தரமாக வைத்திருக்க மாட்டார்கள். சில வருஷம் கழித்துச் சிலுவையைப் பிடுங்கி, மேட்டைச் சமமாக்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊலிக்குக்கு இது தெரியும். எல்லாருக்கும் தெரியும். நாம் யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை, அவர் நினைத்தார்.

வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் இரும்பும் அரமுமாக உட்காருவார். அவர் செய்தது, உருட்டு எந்திரப் பெட்டியின் முனைக்கு முன்னால் தொங்குகிற ஒரு தடுப்புக் கட்டை. அதன்மேல் ஏதாவது பட்டால், கை பட்டால்கூட, ஒரு கொக்கி விழுந்து சக்கரத்தின் பல்லைப் பிடித்துக்கொள்ளும். பெட்டி அங்கேயே நின்றுவிடும். கட்டை எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம். ஹுல்டாவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"உன்னக் கட்டிப் பிடிப்பாளே. அவ நெத்தி எங்க இடிக்கும்?"

ஹுல்டா ஏப்ரன் பையின் மேல் தையலைத் தொட்டுக் காட்டினாள். அவர் அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்துகொண்டார். இருவரும் சட்டைக்கு அளவு எடுப்பவர்களைப் போல இருந்தார்கள். தீப்பெட்டி கேட்கப் போயிருந்த நான் கேட்காமலே திரும்பி வந்தேன்.

பட்டறை மேஸ்திரி இதைக் கேள்விப்பட்டு, காப்புரிமை வாங்கச் சொன்னார். ஊலிக் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹோர்னிக் என்ற காப்புரிமை முகவரிடம் போனார். திரும்பி வந்து என் கடை வாசலில் நின்று, நான் கேட்காமலே பேசினார். அதுவே அதிசயம்.

"பேட்டண்ட் கெடச்சா எந்தக் கம்பெனியும் நம்ம அனுமதி இல்லாம செய்ய முடியாதாம். அனுமதி குடுக்கறப்ப நாம நிபந்தனை போடலாமாம்."

"என்ன நிபந்தனை போடப் போறீங்க?"

"பேரு. ஒவ்வொரு கட்டைலயும் பித்தளைத் தகட்டுல 'லிடி'ன்னு பொறிக்கணும். பணம் வேணாம்." கொஞ்ச நேரம் என் முள்ளங்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரும்ப யாரும் சமமாக்கிட மாட்டாங்க."

ஹோர்னிக் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வரைபடம் தயாராகி விண்ணப்பம் பெர்லினிலுள்ள காப்புரிமை ஆபீசுக்குப் போகிறவரை அதை வெளியில் ஒருவர் கண்ணிலும் காட்டக் கூடாது. ஊலிக் தலையை ஆட்டிவிட்டு வந்து, கட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மேலே போர்வையைப் போட்டார்.

ஆனால் கொட்டகைச் சாவி அவர்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. லிடி போன அன்றைக்கு அவர்கள் முறை அல்லவா, அதற்குப்பின் யாரும் போய்க் கேட்கவில்லை. ஈஸ்டர் நெருங்கியது. ஈஸ்டருக்கு உருட்டாத விரிப்பைப் படுக்கையில் போடுகிறவளை எங்கள் ஊரில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் துணி மலையாகக் குவிந்துவிட்டது. அடுத்த முறை முதல் மாடி வைகெல்ட்டம்மாவுடையது. மூன்று பிள்ளைகள், மூன்றும் அவள் பாவாடையைப் பிடித்தபடியே திரியும். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவள் மாடியேறிப் போய், கதவைத் தட்டி, "சாவி..." என்றாளாம்.

ஊலிக் வாசலில் நின்ற அந்த மூன்று தலைகளையும் பார்த்திருக்கிறார்.

"நாளைக்கு மத்தியானம் வாங்க" என்றார்.

மறுநாள் பட்டறைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்க் கொட்டகையில் மாட்டினார். தன் கையை நீட்டி நான்கைந்து முறை பெட்டியை மோதவிட்டுப் பார்த்தார். பிறகு வைகெல்ட்டம்மா வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியைக் கொடுத்தார். அதன்பிறகு சாவி பழையபடி கை மாற ஆரம்பித்தது. அவரவர் வீட்டுக் கொட்டகையில் மாட்டியதை வெளியில் காட்டியதாக யாராவது நினைப்பார்களா? அவர் நினைக்கவில்லை. விண்ணப்பம் போனது ஜூன் மாதக் கடைசியில்.

அடுத்த வருஷம் பெர்லின்காரர்கள் விண்ணப்பத்தை வெளியிட்டார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் சொல்லலாம் என்பது சட்டம். அந்தச் சமயத்தில்தான் மஞ்சள் கையுறை போட்ட ஒரு கனவான் எங்கள் முற்றத்துக்கு வந்தார். நான் என் தங்கை பிரசவத்துக்காக ட்ஸ்விக்காவ் ஊருக்குப் போயிருந்தேன். இருந்திருந்தால் மற்றப் பெண்கள் செய்ததையேதான் நானும் செய்திருப்பேன், அதனால் பெரிதாகப் பேச எனக்கு வாயில்லை.

"ஊலிக் அவர்களுடைய கண்டுபிடிப்பைப் பற்றி விசாரிக்க வந்தேன்" என்றாராம். யார் அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை. எங்கள் கட்டடத்துப் பெண்களும் கேட்கவில்லை. பேட்டண்டு ஆபீஸ்காரர், கட்டை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று இவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஊலிக்குக்கு ஒத்தாசை செய்ய இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. சாதாரணமாக எங்கள் வீடுகளில் போடும் தண்ணிக் காப்பியில் கோப்பையின் அடியில் வரைந்த பூ தெரியும். அன்றைக்கு வைகெல்ட்டம்மா கிறிஸ்துமஸுக்கு ஒளித்து வைத்திருந்த நிஜக் காப்பிக்கொட்டையை அரைத்துவிட்டாள்.

"நல்லா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார் கனவான்.

"நல்லாவா? போன வருஷம் ஈஸ்டர்லேர்ந்து ஒரு தடவகூட மக்கர் பண்ணினதில்ல."

"ஈஸ்டருக்கா? ஜூலையில இல்லையா?"

"என்னங்க, ஈஸ்டர் விரிப்ப நானில்ல உருட்டினேன்? மொத ஆளு நான்தான்." வைகெல்ட்டம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ரெண்டாவது ஆளு நான்" என்றாள் இரண்டாம் மாடி க்ளெம்மம்மா. "பக்கத்துத் தெருக்காரங்ககூட வந்து பாத்துட்டுப் போனாங்க. எங்க வீட்டுப் பூனையே ஒருதரம் முட்டி நிறுத்திடுச்சு, எழுதிக்கங்க."

அவர் பூனையையும் எழுதிக்கொண்டார். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவரை அனுப்பியது ஓர் உருட்டு எந்திரத் தொழிற்சாலை. விண்ணப்பம் போவதற்கு முன்பே நாட்டில் நாலு பேர் அறியப் பயன்படுத்திவிட்ட பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று ஆட்சேபித்திருந்தார்கள். பெண்களுக்கு நீதிமன்றத்திலிருந்து சாட்சி சொல்ல அழைப்பு வந்தபோதுதான் இது எங்களுக்கு விளங்கியது. அந்தக் கனவான் தின்ற கேக் தொண்டையில் சிக்கியிருக்கக் கூடாதா என்று நான் சபித்தேன்.

வைகெல்ட்டம்மா படிக்கட்டிலேயே ஊலிக்கை மறித்தாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

"நான் வாய்க்கொழுப்புல ஒளறிட்டேன், ஊலிக்கய்யா. கோர்ட்ல மாத்திச் சொல்லிடறேன். ஜூலைக்கு அப்புறம்தான் மாட்டினாருன்னு சத்தியம் பண்றேன். க்ளெம்மும் பண்ணுவா. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஊலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு பொய். ஆணையிட்டுச் சொல்கிற பொய் என்பது உண்மைதான், பிடிபட்டால் சிறை. ஆனாலும் அந்தப் பொய்யில் லிடியின் பெயர் இருந்தது. அவர் சரியென்று தலையாட்டியிருந்தால் எங்கள் வீட்டில் ஒருத்தியும் பின்வாங்கியிருக்க மாட்டாள்.

"ஈஸ்டருக்கு நீங்க உருட்டினீங்களா இல்லையா?" என்றார்.

"உருட்டினேன்."

"பிள்ளைங்க கூட இருந்தாங்களா?"

"இருந்தாங்க. சின்னவன் சுவத்தோரமாத்தான் நின்னான்."

"அப்போ கட்டை இல்லன்னு உங்க வாயால சொல்லாதீங்க" என்றார். "என்னால அதக் கேக்க முடியாது."

அவள் உண்மையைச் சொன்னாள். எல்லாரும் சொன்னார்கள். பெர்லின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. ஹோர்னிக் அவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாராம்: "மூணு மாசம் அதைப் போர்வைக்கு அடியில வச்சிருக்கக் கூடாதா? என்ன அவசரம் உமக்கு?"

"வைகெல்ட்டம்மா முறை வந்துடுச்சு" என்றாராம் ஊலிக். ஹோர்னிக்குக்கு அது பதிலாகவே படவில்லை.

அதன்பின் அவர் இன்னும் குறைவாகப் பேசினார். உருளைக்கிழங்குக்குக்கூட விரலால்தான் காட்டுவார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஹுல்டா வீட்டில் உட்கார்ந்து ஒரு காலுறைத் தொழிற்சாலைக்குத் தைத்துக் கொடுத்தாள். கொட்டகைப் பக்கம் அவள் போகவேயில்லை. அவள் வீட்டு விரிப்புகளை நாங்கள் மாற்றி மாற்றி உருட்டிக் கொடுத்தோம்.

இரண்டு வருஷம் கழித்து என் கடையின் பின்னறையில் வாடகைக்கு விடலாம் என்று நானே ஓர் உருட்டு எந்திரம் வாங்கினேன். அதற்குள் புது எந்திரம் எல்லாவற்றிலும் தடுப்புக் கட்டை வந்துவிட்டது. காப்புரிமை இல்லாத பொருள், பெர்லின் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்யலாம். இறக்கி வைத்த அன்று மாலை கதவு திறந்தது. ஹுல்டா நின்றாள். பின்னால் துணிக்கூடையோடு ஊலிக்.

"மொத போணி நாங்க பண்றோம், செல்ட்மன்னம்மா" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் எந்திரத்தின் முனைக்குப் போய்விட்டாள்.

கட்டையில் பித்தளைத் தகடு இருந்தது. அவள் விரலால் தடவினாள்.

"நம்பர்தான்" என்றாள்.

"நம்பர்தான்" என்றார் ஊலிக்.

அவள் நகரவில்லை. கட்டைக்கு நேர் எதிரே, சுவரோரமாக, அன்று கொட்டகையில் லிடி நின்றதைப் போலப் போய் நின்றாள். "சுத்துங்க" என்றாள் என்னிடம். நான் ஊலிக்கைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டினார். மெதுவாகச் சுற்றினேன். கல் பெட்டி அவளை நோக்கிப் போனது. கட்டை அவள் ஏப்ரனைத் தொட்டது. கொக்கி விழுந்தது, பெட்டி நின்றுவிட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். கட்டை அவளுடைய ஏப்ரன் பையின் மேல் தையலில் இடித்துக்கொண்டு நின்றது. அவள் கட்டையின் மேல் கையை வைத்தாள். குழந்தை தலையில் வைப்பதுபோலத்தான் வைத்தாள்.

"உயரத்த மாத்தல, ரைன்ஹோல்ட்."

"மாத்தல" என்றார் அவர். "எல்லாக் கடைலயும் போய் அளந்து பாத்துட்டேன். எவனும் மாத்தல. ஏன் அந்த உயரம்னு அவங்களுக்குத் தெரியாது."

ஹுல்டா கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். நான் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊலிக் கூடையிலிருந்து விரிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றாக உருளையில் சுற்றத் தொடங்கினார்.