ஊன்றிய காலும் சுற்றிய படகும்

பதினெட்டு வருடமாக இலங்கையின் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். மலைச் சரிவில் சறுக்கினால் பள்ளத்துப் பக்கத்துக் காலை அழுத்தி ஊன்றிக்கொள்வோம். அந்தப் பழக்கம்தான் என்னைக் குளத்தில் மாட்டிவிட்டது.

தோட்டத்துக்குக் கீழே உள்ள குளத்தில் சுற்றுலாக்காரர்களைக் கயாக் படகில் அழைத்துப் போவது என் தங்கை மகள் கவிதாவின் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஒரு படகில் உட்காரவைத்தாள். கால் வைக்க உள்ளே இரண்டு பெடல்கள். வலதை மிதித்தால் பின்னாலுள்ள சுக்கான் படகை வலப்பக்கம் திருப்பும்.

"பெடல் தூரமா இருக்கா பெரியம்மா? கிட்ட இழுத்து விடவா?" என்றாள்.

"எட்டுதுடி, விடு" என்றேன் அவசரத்தில். கால் நுனிதான் எட்டியது.

நடுக்குளத்தில் காற்றடித்துப் படகு வலப்பக்கம் சாய்ந்தது. உடனே வலது காலை எட்டி ஊன்றினேன். தண்ணீர் வழிந்துகொண்டிருந்த அணைச் சுவரை நோக்கிப் படகு திரும்பியது. பயத்தில் துடுப்பையும் வேகமாகப் போட்டு, காலையும் இன்னும் அழுத்தினேன். படகு இன்னும் திரும்பியது.

இன்னொரு படகில் பின்னால் வந்த கவிதா கத்தினாள்: "வலது கால எடுங்க பெரியம்மா!"

"எடுத்தா உருண்டுருவேன்டி!"

கடைசியில் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்தேன். அதற்குள் படகின் முகம் சுவர்ப் பக்கத்தைக் கடந்து கரைப் பக்கம் திரும்பியிருந்ததால், நேராகக் கரைக்கே போய்ச் சேர்ந்தது! அங்கே வேடிக்கை பார்க்க வந்திருந்த, என்னோடு கொழுந்து பறிப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது முழங்கால் லேசாக மடங்கிப் படகின் ஓரத்தில் முட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பெடலைக் கிட்ட இழுத்து வைத்த பிறகுதான் துடுப்பைத் தொடுவேன். அன்று சிரித்தவர்களும் ஞாயிறுதோறும் படகு ஏறுகிறார்கள். கரையில் நின்று கத்துவது நான்: "பயந்தா கால எடுங்கடி!"