அம்மா பேசாத அரை நிமிடம்

மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடிக்கூடத்தில் நடந்த குறும்படப் பயிலரங்கில், எங்கள் குழுவின் கதைக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் போலக் கல்லூரி வயதுக்காரர்கள். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே படம்பிடிக்கலாம் என்று நான் சொன்னபோது, அம்மாவையே நடிக்கவைக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னேன்.

அம்மா தயங்கவில்லை. மகனை அதட்டும் காட்சிக்குப் பயிற்சியாளர் எழுதித் தந்த வசனத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தன் போக்கில் அதட்டினாள். "எம்புட்டு நேரமாக் கத்துறேன், காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" மகனாக நடித்த கல்லூரி மாணவன் உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டான். ஒலிப்பதிவுக் கருவி என் கையில் இருந்தது.

காட்சி முடிந்ததும் எல்லோரையும் அப்படியே நிற்கச் சொன்னார் பயிற்சியாளர். யாரும் பேசாதபோதும் ஓர் அறைக்கென்று ஒரு சத்தம் உண்டு. அதை அரை நிமிடம் தனியே பதிந்துகொள்ள வேண்டும். ரூம் டோன் என்று பெயர். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

படத்தொகுப்பின்போது பயிற்சியாளர் என்னை அழைத்தார். "அம்மா பேச்சு ரொம்ப மதுரையா இருக்கும்மா. போட்டிக்கு அனுப்பணும்ல, வேற குரல் வச்சுக்குவோம்." முகம் ஒருவருடையதாகவும் குரல் வேறொருவருடையதாகவும் இருப்பது நம் படங்களில் புதிதல்ல. குழுத்தோழி ஒருத்தி திருத்தமான உச்சரிப்பில் அம்மாவுக்காகப் பேசினாள்.

திரையிடலன்று அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"மூஞ்சி என்னுது. சத்தம் எந்த மகராசியோடது?"

"டப்பிங்மா."

"ஏன், என் வாய் அம்புட்டு மோசமாவா இருக்கு? உங்கப்பாட்டச் சொல்லிறாத. வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வைக்கச் சொல்லுவாரு."

அந்த மழைக்காலத்தில், காய்ச்சலென்று மருத்துவமனைக்குப் போன அம்மா வீடு திரும்பவில்லை.

ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் நாங்கள். குரலைப் பதிந்து அனுப்பும் தேவை எங்களுக்கு நேர்ந்ததே இல்லை. ஒரு மாலை அப்பா அந்தப் படத்தைப் போடச் சொன்னார். அம்மா வாய் திறந்தாள். தோழியின் குரல் வந்தது.

"நிப்பாட்டும்மா," என்றார். பிறகு, "அவ பேசுனது எங்கிட்டாச்சும் இருக்குமா?" என்று கேட்டார்.

பயிலரங்கில் எங்கள் படத்தைத் தொகுத்துத் தந்த அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"டப்பிங் முடிஞ்சதும் பழைய ஆடியோவ எல்லாம் அழிச்சுட்டேனே தங்கச்சி. லேப்டாப்ல இடம் இல்ல." விசைப்பலகையைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது. "ரூம் டோன் மட்டும் இருக்கு. டப்பிங் குரலுக்கு அடியில போட்டது. அனுப்பவா?"

அப்பாவும் நானும் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டோம். மின்விசிறி சுற்றுகிறது. தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ திரும்புகிறது. அம்மாவின் வளையல்கள் ஒன்றோடொன்று ஒருமுறை உரசுகின்றன.

"இம்புட்டு நேரம் அவ பேசாம இருந்ததே இல்ல," என்றார் அப்பா.

முடிவில் பயிற்சியாளரின் "போதும்" கேட்கிறது. உடனே அம்மா மூச்சை உள்ளிழுக்கிறாள், அதுவரை அடக்கிவைத்ததைச் சொல்லப்போகிறவளாக. அங்கே பதிவு நின்றுவிடுகிறது.

அன்று அவள் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், அது நினைவிருக்கிறது. நான் கருவியை அணைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.