அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சொன்னேன்

ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பள்ளி ஆண்டு விழா நெருங்கிய நேரத்தில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. இரண்டு கன்னமும் பணியாரமாய் உப்பி, கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விழாவில் போடவிருந்த ஆங்கில நாடகத்தில் நான்தான் வைத்தியர். தூக்கம் வராத ராஜாவிடம் மண்வெட்டியைக் கொடுத்துத் தோட்டத்தைக் கொத்தச் சொல்லும் வைத்தியர். ஒத்திகை தொடங்குமுன்பே வைத்தியர் படுத்துவிட்டார்.

எண்பதுகளில், ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து இங்கிலீஷ் மீடியம் போன முதல் பிள்ளை நான். பட்டாளத்திலிருந்த அப்பா பிடிவாதமாய் என்னைச் சேர்த்துவிட்டு, லீவு முடிந்து வடக்கே ரயிலேறிவிட்டார். அந்த பாஷையோடு மல்லுக்கட்டும் வேலை அம்மாவுக்கும் எனக்கும் வாய்த்தது. அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். அர்த்தத்துக்குப் பொறுப்பேற்க மாட்டாள்.

மிஸ் என் தோழியிடம் கொடுத்தனுப்பிய நாடகத் தாளை அம்மா வாசிக்க, நான் திருப்பிச் சொன்னேன். வசனங்களுக்கு நடுவில் அங்கங்கே அடைப்புக்குறிகள் வந்தன. எனக்குச் சந்தேகம்.

"இதையும் சொல்லணுமாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாததுக்கு யாராச்சும் வேலி போடுவாகளா ஏட்டி? முக்கியம்னுதான் ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சிருக்காக. அத மட்டும் நல்லாச் சத்தமாச் சொல்லு."

மறுத்துப் பேச முடியாத நியாயமாக இருந்தது. அப்படியே மனப்பாடம் செய்தேன்.

வீக்கம் வடிந்து நான் பள்ளிக்குப் போனதே விழா அன்று சாயங்காலம்தான். ராஜாவின் கிரீடத்துக்கு ஜிகினாத்தாள் ஒட்டிக்கொண்டிருந்த மிஸ் நிமிர்ந்து, "பாடம் பண்ணிட்டியா?" என்றார். "பண்ணிட்டேன் மிஸ்." அதோடு என் முகத்தில் பஞ்சுத் தாடியை ஒட்டிவிட்டார்.

ராஜாவாக நடித்தவன் வகுப்பிலேயே முரடன். மேடைக்கு வந்து கூட்டத்தைப் பார்த்ததும் நட்டுவைத்த கம்பமாக நின்றுவிட்டான். வாயே திறக்கவில்லை. நான் உள்ளே நுழைந்து, "குட் மார்னிங், யுவர் மெஜஸ்டி" என்று தொடங்கி, அதே மூச்சில் அம்மா சொன்னபடி உரக்க, "தி கிங் சிட்ஸ் டவுன்!" என்றேன்.

ராஜா திடுக்கிட்டு உட்கார்ந்தான். வசனமெல்லாம் மறந்துபோயிருந்தவனுக்கு, இன்னது செய் என்று ஒருத்தி சொன்னதே போதுமாயிருந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது. "தி கிங் ஷோஸ் ஹிஸ் டங்க்!" என்றேன், நாக்கை நீட்டினான். "தி கிங் க்ரைஸ்!" என்றேன், ஓவென்று அழுதான். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. தெரியாதவர்கள், தாடி வைத்த ஒரு சுண்டைக்காய் அதட்ட அதட்ட ராஜா ஆடுவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பக்கத்துத் திரையோரத்தில் நின்று மிஸ் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் வளைத்து வளைத்துக் காட்டினார். வாயில் கை குவித்துக் கத்தச் சொல்கிறார் என்று நினைத்து, இன்னும் கத்தினேன்.

தாளில் எனக்கிருந்த கடைசிச் சொல் 'எக்ஸிட்'. வைத்தியர் போக வேண்டும், ராஜா மண்ணைக் கொத்தியபடி நாடகத்தை முடிக்க வேண்டும். நான் கையை உயர்த்தி, "எக்ஸிட்!" என்றேன். ராஜா மண்வெட்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறிவிட்டான். நான் மட்டும் நின்றேன். திரை விழுந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"அடைப்புக்குள்ள இருக்கத நடிக்கணும்டி, சொல்லக் கூடாது" என்று மேடைக்குப் பின்னால் தோழி என் காதில் சொன்னாள். அதற்குள் மிஸ்ஸும் வந்துவிட்டார். அவர் வாயைத் திறக்குமுன், முகமெல்லாம் பூரிப்பாக அம்மா வந்து நின்றாள்.

"ஒரு எழுத்து விட்டாளா டீச்சர்?"

மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "விடல. எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றார்.

வீட்டுக்கு நடக்கையில் அம்மா கேட்டாள். "ஓரமா நின்னு டீச்சர் ஏன் கைய வளைச்சு வளைச்சுக் காட்டுனாக?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. தோழி சொன்னதைச் சொல்லிவிட்டேன். அம்மா நடுத்தெருவில் நின்றாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"நல்லவேள, அந்த ராசா சொல்பேச்சுக் கேட்டான்!"

திங்கட்கிழமை மிஸ் யார் பெயரையும் சொல்லாமல் கரும்பலகையில் இரண்டு வளைவுகள் போட்டுப் பாடத்தைத் தொடங்கினார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள். "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாக?"

"பிராக்கெட்."

"அப்பிடியா? முற்றுப்புள்ளிய உள்ள வைக்கணுமா, வெளிய வைக்கணுமா?"

"முழு வாக்கியமும் உள்ள தனியா இருந்தா உள்ள. ஒரு துண்டு மட்டும் உள்ள இருந்தா, வாக்கியம் முடியற எடத்துல, வெளிய."

"சதுரமா ஒண்ணு இருக்கே, அது?"

"ஒருத்தர் சொன்னத எடுத்து எழுதுறப்ப, புரியறதுக்காக நாம ஒரு வார்த்த சேர்த்தா அதுக்குள்ள போடணும்."

அம்மா பூண்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அடுத்தவுக பேச்சுக்குள்ள நம்ம வார்த்தைய நுழைச்சா, நம்மதுன்னு காட்டிரணும். மரியாதை தெரிஞ்ச பாஷைதான்."

பிறகு அதுவே வழக்கமாயிற்று. கமா, ஒருமை பன்மை, இறந்தகாலம் என்று அன்றன்று நடந்த பாடத்தை அன்றன்றே கேட்பாள். நான் சொன்னதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். சந்தேகம் இருந்தால் மறுநாளும் கேட்பாள். எனக்கு வீட்டிலும் பரீட்சை வைக்கிறாள் என்று தோழிகளிடம் அலுத்துக்கொண்டேன். ஒருநாள்கூட நான் தோற்கவில்லை என்ற பெருமையும் இருந்தது. பரீட்சை வைப்பவருக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.