நல்லவர் போட்ட ஊசி

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் கெட்டவராக இருந்திருந்தால் என் தங்கையின் கால் தப்பியிருக்கும். கெட்டவன் போட்ட ஊசி வலித்தால் எங்கள் சனம் ஊர் முழுக்கச் சொல்லித் தூற்றும். இவரோ தங்கமான மனுஷன். அதுதான் வினை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். அந்தப் பக்கத்தில் அப்போது குடிதண்ணீர் என்றால் படிக்கிணறுதான். காலோடு உள்ளே இறங்கிக் குடத்தில் மொள்ளுவார்கள். அதைக் குடித்தவர்களுக்கு மறு வருஷம் நரம்புச் சிலந்தி வரும். காலில் கொப்புளம் கட்டி, உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே அறுந்துபோகும். இந்தக் கொடுமையைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த எங்கள் டாக்டர், கொப்புளம் கட்டுவதற்கு முன்பே புழுவைக் கொல்ல ஒரு ஊசி மருந்து கண்டுபிடித்தார். புழு செத்தது, வாஸ்தவம். செத்த புழு உள்ளேயே அழுகியதை நான் பார்த்தேன். முழங்கால் விறைத்துப்போனவர்களையும் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்? ஊசி போட்டவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று அவரேதான் கேட்பார். தன் வீட்டுக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து நோயாளிக்கு ஊற்றுகிற டாக்டர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று கேட்டு வளர்ந்த சனம், அந்த முகத்துக்கு நேரே நோவு என்று சொல்லுமா? "தேவலைங்க சாமி" என்றார்கள். சீழ் வடியும்போதும் தேவலைதான். கொடுத்தவர் மனம் கோணும்படி பேசுவது எங்கள் பக்கத்தில் பெரிய பாவம். அவர் அத்தனை தேவலைகளையும் சேர்த்து இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வராதவர்களையும் குணமானவர்களோடு சேர்த்துக்கொண்டார். மதராஸில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் அது அச்சாகியும் வந்துவிட்டது.

ஜில்லா முழுக்க அந்த ஊசியைப் போடலாமா என்று சர்க்கார் யோசித்தது. அதற்கு முன்னால் கட்டுரையை அலசிப் பார்க்க மதராஸிலிருந்து இன்னொரு டாக்டரை அனுப்பினார்கள். ஒல்லியானவர், கறாரானவர். எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்கு இடது முழங்காலில் ஊசி போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கால் மடங்கவில்லை. வலது காலிலும் தோலுக்கடியில் புழு தட்டுப்பட்டதால், வரும் வெள்ளிக்கிழமை அதற்கும் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் புருஷனை இழந்தவள். பருத்திக்காட்டில் கூலிக்குப் போய்த்தான் பிழைப்பு. இரண்டு காலும் போனால் சோற்றுக்கு என்ன செய்வாள்?

"வேண்டாம் புள்ள. இதையாவது குச்சியில சுத்திக்கலாம்" என்று மன்றாடினேன்.

"அத்தாச்சோட்டுப் பெரிய மனுசன் எனக்குன்னு மெனக்கெட்டுப் போடறேங்கறாரு. வேண்டாம்னா என்ன நெனைப்பாரு?" என்றாள்.

அவளோடு பேசிப் பயனில்லை. ஊசியை நிறுத்தக்கூடியவர் மதராஸ்காரர் ஒருவர்தான். அவர் தனியாக உட்கார்ந்து கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். வலி குறைந்தது என்று நோயாளிகள் சொன்னதெல்லாம் ஊசி போட்ட டாக்டரின் முகத்துக்கு நேரேதான் என்பதைச் சொன்னேன். திரும்பி வராதவர்களைப் பற்றியும் சொன்னேன்.

"கால் வெறைச்சவன் எப்படீங்க இத்தனை தூரம் நடந்து வந்து, கால் வெறைச்சுப் போச்சுன்னு சொல்லுவான்?"

அவர் தலை நிமிர்ந்தார். "சரி, வீட்டுக்கே போய்ப் பார்க்கணும். யார் வீடு?" என்றார். தங்கை வீட்டைச் சொன்னேன். டாக்டர் இல்லாமல் போங்கள் என்றும் கெஞ்சினேன்.

"அவரோட நோயாளியை அவர் இல்லாம பார்க்கிறது முறையில்லை, நர்சம்மா" என்றார்.

மரியாதை என்கிற வியாதி எங்கள் சனத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். படித்தவர்களையும் அது விட்டபாடில்லை.

மறுநாள் மூன்று பேருமாகப் போனோம். டாக்டரைக் கண்டதும் என் தங்கை எழுந்துவிட்டாள். பாவி, அந்தக் காலை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. சுவரைப் பிடித்தபடியே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வலி இருக்காம்மா?" என்று கேட்டார் மதராஸ்காரர்.

அவள் எங்கள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். "சொகமா இருக்கறனுங்க. எல்லாஞ் சாமி புண்ணியமுங்க."

எங்கள் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மதராஸ்காரர், தானாக எழுந்து நடக்கிறாள் என்று எழுதிக்கொண்டார். நான் அவள் காலடிக்குப் போனேன். குனிந்தேன். அவள் சீலையை முழங்காலுக்கு மேலே வழித்துத் தூக்கி, வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். சீழ் பீறிட்டு என் கையில் வழிந்தது. அவள் கத்தவில்லை. இரண்டு அந்நிய ஆண்களுக்கு முன்னால் திறந்து கிடந்த தொடையைக் கைகளால் மூடிக்கொண்டு தரையில் சரிந்தாள்.

எங்கள் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதராஸ்காரர் நன்றாகப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவர் கறாரானவர் அல்லவா? அடுத்த நாள், தான் சொன்ன முறையையும் மீறி, யாருக்கும் சொல்லாமல் அவர் மட்டும் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து, என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க அழுத்தினதாலதான் அது புண்ணாச்சுன்னு சொல்றா. உங்களுக்கும் டாக்டருக்கும் ஆகாதாமே?"

"பொய்யிங்க."

"இருக்கலாம். ஆனா நீங்க அவளுக்கு அக்கா. இங்க வேலை பார்க்கிறவங்க. உங்க பேச்சுல ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். அதை நான் விட்டுட முடியாது. அவ கேஸையே கணக்குல சேர்க்கலை" என்றார். மற்ற நோயாளிகளை எங்கள் டாக்டரை வைத்துக்கொண்டே பார்த்து முடித்திருந்தார். கட்டுரையில் பெரிய பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறப் போய்விட்டார். யார் பேச்சில் என்ன சாய்வு என்று தேடத்தான் வந்தார். கடைசியில் அவர் கண்டுபிடித்தது என்னை மட்டும்தான்.

அன்று சாயந்தரம் தங்கை வீட்டுக்கு ஓடினேன். "ஏன்டி அப்படிச் சொன்னே? உன்ற காலுடி அது!"

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பின்னே, எஞ்சீலையத் தூக்குனவளுக்கோசரம் அந்தப் புண்ணியவான் பேரக் கெடுக்கச் சொல்றயா?"

தூக்கியது தப்பென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அந்தச் சீழை வேறு எப்படி அவர்களுக்குக் காட்டியிருப்பேன், சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வண்டி கட்டி அவளைக் கொண்டுவந்து இறக்கினார். ஊசித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்ததும் டாக்டரிடம் சொன்னாள்: "அக்கா வெளிய இருக்கட்டுங்க."

டாக்டர் சங்கடத்தோடு என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தும்போது அவள் வலது காலை நீட்டி வைத்திருந்தது தெரிந்தது.

இப்போது அவள் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, இடுப்பை இழுத்து இழுத்துத்தான் வாசலுக்கு வருகிறாள். சோறு நான்தான் கொண்டுபோகிறேன். நான் போனால் வாசலுக்கும் வருவதில்லை. படியில் வைத்துவிட்டு நான் தெருவைத் தாண்டிய பிறகுதான் எடுக்கிறாள்.