கோப்பி ஓ, புங்குஸ்

என் புருஷன் வாயிலிருந்து முதன்முறை "அக்கா" என்று வந்தபோது நான் சிரித்துவிட்டேன். காலை நேரம். சுங்கை பினாங் அடுக்குமாடியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கோப்பி ஓ ஒண்ணு. புங்குஸ்."

கடைக்காரம்மாவிடம் பால் சேர்க்காத கோப்பியைக் கட்டித் தரச் சொல்கிற அதே குரல். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு 'ஏண்டி', 'வாடி'தான். விளையாடுகிறார் என்று நினைத்து, "போதும்லா உங்க லூட்டி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"சீக்கிரம் குடுங்க அக்கா, லோரி நிக்குது."

லோரி ஓட்டுவதை விட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் லோரி அல்ல, அந்தக் 'குடுங்க'தான் என் சிரிப்பை நிறுத்தியது. என்னிடம் அவருக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

டாக்டர் டிமென்ஷியா என்றார். இனிமேல் இப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள் என்றார். நானா பழகுவேன்? தினமும் சண்டை போட்டேன். "இது நம்ம வீடு! நான் உங்க பொண்டாட்டி!" என்று கல்யாணப் படத்தை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். மனிதர் மிரண்டுபோய்க் கதவோரம் ஒதுங்கினார். என்னைப் பார்த்துப் பயந்தார்! குசினியில் அடுப்பருகே நின்று ஒரு பாட்டம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கோப்பி கலக்கி, ஆற்றி, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டி, ஸ்ட்ரா செருகினேன்.

"இந்தாங்க அண்ணே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பையை விரலில் மாட்டிக்கொண்டு வெளி நடைபாதையில் ஒரு நடை போனார். நானும் பின்னாலேயே போனேன். கோப்பி தீர்ந்ததும் சமர்த்தாக வீட்டுக்குள் வந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடை திறந்தாயிற்று.

கோலாலம்பூரிலிருந்து மகன் வந்தான். கெப்பாலா பத்தாஸில் ஒரு முதியோர் இல்லம் பேசி முடித்துவிட்டானாம்.

"அப்பாவுக்கு உங்களையே தெரியல. நீங்க கடை வச்சு விளையாடிக்கிட்டு இருக்கீங்க. எத்தன நாளைக்கும்மா?"

"என் கடை, நான் நடத்துறேன். உனக்கென்னடா?"

அவன் கேட்கவில்லை. அப்பாவின் துணிமணிகளைப் பையில் அடுக்கினான்.

"வாங்கப்பா, காடில ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்." மறு கையில் கார்ச் சாவியை எடுத்தான்.

என் புருஷன் கோப்பிப் பையோடு நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வர முடியாது தம்பி. வீட்ல பொண்டாட்டி தேடுவா. பொல்லாத கோவக்காரி." என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்க அக்கா."

நானா விடுவேன்? மகன் கையிலிருந்த துணிப்பையைப் பிடுங்கி அறைக்குள் எறிந்தேன்.

"ஆமா தம்பி," என்றேன் என் மகனிடம். "அந்தப் பொம்பளைய எனக்கு நல்லாத் தெரியும். விட மாட்டா."